டெம்பர் என்று எழுதும்போது

'தி ஷாஃப்ட் வாஸ் டெம்பர்டு டு இன்க்ரீஸ் இட்ஸ் ஹார்ட்னஸ்.' எந்த ஆங்கில ஆசிரியரிடம் காட்டினாலும் இந்த வாக்கியத்துக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். எழுவாய், பயனிலை, காலம் எல்லாம் சரியாக இருக்கிறது. ஃபர்னஸ் பக்கம் வேலை பார்த்தவர் படித்தால்தான் புருவத்தைச் சுருக்குவார். குவென்ச் செய்த, அதாவது காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்த, ஷாஃப்ட்டை மறுபடி அளவான சூட்டில் வைத்து டெம்பர் செய்தால் ஹார்ட்னஸ் (கடினத்தன்மை) ஏறாது, இறங்கும். இறக்குவதற்காகத்தான் அதைச் செய்வதே.

கோவையில் ஓர் உலோகச் சோதனைக்கூடத்தில் ரிப்போர்ட் எழுதுவதும் மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவதும் என் வேலை. பம்ப் ஷாஃப்ட், கியர், போல்ட், டை என்று வருகிற ஜாப்களை அறுத்து, பாலிஷ் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஹார்ட்னஸ் எடுத்து, கடைசியில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குள் கொண்டுவர வேண்டும். எங்கோ புனேயிலோ ஜெர்மனியிலோ உட்கார்ந்திருப்பவர் ஜாப்பைப் பார்ப்பதில்லை, அந்தப் பக்கத்தைத்தான் பார்க்கிறார். சரக்கை ஏற்பதா திருப்பி அனுப்புவதா என்பதை அதை வைத்தே முடிவு செய்கிறார். இந்தச் சொற்கள் விஷயத்தில் எனக்கு இருக்கும் பிடிவாதம் அங்கிருந்து வந்ததுதான்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீலை 850 டிகிரியை ஒட்டிக் காய்ச்சும்போது அதன் உள்ளமைப்பு ஆஸ்டனைட்டாக மாறுகிறது. அந்த நிலையில் இரும்பு அணுக்களின் இடுக்குகளில் கார்பன் அணுக்கள் உட்கார இடம் உண்டு. அங்கிருந்து மெதுவாக ஆற விட்டால் கார்பன் பிரிந்து வந்து கார்பைடாகச் சேர்ந்துகொள்ளும். எண்ணெயிலோ தண்ணீரிலோ போட்டுச் சட்டென்று குளிர்வித்தால் அதற்கு நேரம் கிடைக்காது. உள்ளேயே சிக்கி, படிக அமைப்பையே இழுத்துக் கோணலாக்கிவிடும். அதுதான் மார்ட்டென்சைட். ஜெர்மானியரான அடால்ஃப் மார்ட்டென்ஸின் நினைவாகப் பிரெஞ்சுக்காரர் ஃப்ளோரிஸ் ஆஸ்மண்ட் வைத்த பெயர். இப்படி ஆன ஸ்டீல் மிகவும் கடினமாக இருக்கும். ஆனால் ஓர் அடி தாங்காது.

அதை அப்படியே மெஷினில் மாட்ட முடியாது. அதனால் மறுபடியும் காய்ச்சுகிறோம். இம்முறை ஆஸ்டனைட் ஆகும் வெப்பத்துக்கு வெகு கீழே, ஏறக்குறைய 150 டிகிரியிலிருந்து 650 டிகிரிக்குள், வேலைக்குத் தக்க ஒரு வெப்பத்தில் வைத்திருக்கிறோம். சிக்கிக் கிடந்த கார்பன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து மிகச் சிறிய கார்பைடுகளாகப் படிகிறது. ஹார்ட்னஸில் ஒரு பங்கு போகிறது. பதிலுக்கு முறியாமல் தாங்கும் குணம் வருகிறது. டெம்பரிங் என்பது இவ்வளவுதான். குவென்ச் நடந்த பிறகுதான் இதற்கு அர்த்தமே உண்டு.

அப்படியிருக்க இந்தத் தலைகீழ் வாக்கியம் ஏன் இத்தனை பேர் கையிலிருந்து வருகிறது? பொது அகராதிகளில் இந்தச் சொல்லைத் தேடினால் 'காய்ச்சிக் குளிர்வித்து உலோகத்துக்குத் தேவையான உறுதியைத் தருவது' என்கிற மாதிரி ஒரு பொருள் இருக்கும். பழைய ஆங்கிலத்தில் காய்ச்சுவது, தோய்ப்பது, திரும்ப இளக்குவது எல்லாவற்றையும் சேர்த்து இந்த ஒரே சொல்லால் சொன்னார்கள், அகராதி அந்த வழக்கைச் சுமக்கிறது. கதை எழுதுபவர் 'சோதனைகளில் டெம்பர் ஆன மனிதன்' என்று எழுதலாம், யாருக்கும் நஷ்டமில்லை. டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் அப்படி எழுதினால் எதிரில் இருப்பவர் ஒரு வேலையை நடந்ததாக நினைத்துக்கொள்வார், நடந்தது வேறாக இருக்கும்.

'டெம்பர் செய்தால் ஹார்ட்னஸ் குறையும்' என்பதையும் எல்லா ஸ்டீலுக்குமான விதியாக எழுதிவிடக் கூடாது. டிரில், மில்லிங் கட்டர் செய்யும் ஹைஸ்பீட் ஸ்டீலை 550 டிகிரி அளவில் இரண்டு மூன்று தடவை டெம்பர் செய்வார்கள். அங்கே மாலிப்டினம், வனேடியம், டங்ஸ்டன் கார்பைடுகள் மிக நுண்ணியதாகப் படிவதால் ஹார்ட்னஸ் திரும்ப ஏறும். செகண்டரி ஹார்டனிங் என்று அதற்குத் தனிப் பெயர். எம்2 என்ற ஹைஸ்பீட் ஸ்டீலில் செய்த டூலின் ரிப்போர்ட்டில் 'டெம்பர் செய்தபின் ஹார்ட்னஸ் ஏறியது' என்று இருந்தால் அதை நான் அடிக்க மாட்டேன். அதே வரி ஈஎன் 19 என்ற சாதாரணக் கலப்பு ஸ்டீலில் செய்த ஷாஃப்ட்டின் ரிப்போர்ட்டில் இருந்தால் அடித்துவிடுவேன். வரி ஒன்றுதான், ஸ்டீல் வேறு.

இதே சொல் ஊர் சுற்றும் அழகையும் பாருங்கள். மொபைல் ஸ்கிரீனுக்கு ஒட்டுகிறோமே டெம்பர்டு கிளாஸ், அந்தப் பெயர் கட்டடக் கண்ணாடியிலிருந்து வந்தது. அங்கே கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் காய்ச்சி இரண்டு பக்கமும் காற்றைப் பீய்ச்சி வேகமாகக் குளிர்விப்பார்கள். வெளிப்புறம் முதலில் இறுகி, உட்புறம் பிறகு சுருங்கி, மேற்பரப்பு அழுத்தத்தில் நிற்கும். ஸ்டீல்காரர் கண்ணுக்கு இது டெம்பரிங்கே அல்ல, குவென்ச். பிரிட்டனில் இதை 'டஃபன்டு' என்பார்கள், எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. கார் பாடிக்குப் போகும் ஷீட்டை அனீல் செய்தபின், அதாவது காய்ச்சி இளக்கியபின், ஒரு சதவீதம் அளவுக்கு லேசாக உருட்டுவார்கள், பிரஸ்ஸில் இழுக்கும்போது மேலே வரி வரியாக விழாமல் இருப்பதற்காக. அதன் பெயர் டெம்பர் ரோலிங். அதில் காய்ச்சலே கிடையாது.

அலுமினியத்தில் இன்னும் விசேஷம். அங்கே டெம்பர் என்பது பெயர்ச்சொல், உலோகம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் குறிக்கும். 6061-டி6 என்றால், காய்ச்சிக் கரைத்து, குவென்ச் செய்து, பிறகு சூட்டில் வைத்து முதிர வைத்த நிலை. ஓ என்றால் அனீல் ஆன நிலை. ஹெச்14 என்றால் உருட்டியே பாதி கடினமாக்கிய நிலை, அதில் சூட்டுக்கு இடமே இல்லை. ஆக 'இன் தி டி6 டெம்பர்' என்று எழுதுவது சரி. 'தி அலுமினியம் வாஸ் டெம்பர்டு' என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. ஸ்டீலில் பழகியவர்கள் இங்கே வழுக்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1906-ல் பெர்லின் பக்கத்தில் ஆல்ஃபிரட் வில்ம் ஓர் அலுமினியம்-காப்பர் கலவையைக் காய்ச்சிக் குவென்ச் செய்தார். ஸ்டீல் மாதிரி உடனே கடினமாகவில்லை. சில நாள் கழித்து மறுபடி அளந்தபோது ஹார்ட்னஸ் தானாக ஏறியிருந்தது. குவென்ச் செய்த உடனே அலுமினியம் மெத்தென்றுதான் இருக்கும், வயதாக ஆகத்தான் இறுகும். அதனால் அலுமினியத்துக்கு 'குவென்ச் ஹார்டன்டு' என்று யாராவது எழுதியிருந்தால், எழுதியவர் மனசில் ஸ்டீல்தான் ஓடியிருக்கிறது.

ஜெர்மனியிலிருந்து வரும் டிராயிங்குகளைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்கள் மொழியில் குவென்ச், டெம்பர் இரண்டும் சேர்ந்த வேலைக்கு 'ஃபெர்க்யூட்டன்' என்று ஒரு சொல், டெம்பரிங்குக்கு மட்டும் 'அன்லாஸன்' என்று இன்னொரு சொல். 'டெம்பர்ன்' என்றும் ஒன்று இருக்கிறது, அது மேலியபிள் காஸ்ட் அயர்ன் செய்வதற்கான நீண்ட நேர அனீலிங். முதல் சொல்லை அவசரத்தில் வெறும் 'டெம்பர்டு' என்று மொழிபெயர்த்துவிட்டால் குவென்ச் காணாமல் போய்விடும். ஐரோப்பியத் தரத்தில் ஸ்டீல் பெயருக்குப் பின்னால் 'பிளஸ் க்யூடி' என்று போடுவது இந்தக் குழப்பத்துக்கு நல்ல மருந்து. எனக்கு அந்த இரண்டு எழுத்து மேல் மரியாதை உண்டு.

அப்புறம் ஆங்கிலத்தில் நம் பையன்களை மிரட்டும் முன்னிடைச்சொற்கள், ப்ரெபோசிஷன். சோதனைக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் டிப்ளமோ முடித்தவர்கள், தமிழ்வழியில் படித்தவர்கள். மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தால் தெளிவாகச் சொல்வார்கள். நைட்டால் என்ற அமிலக் கரைசலில் எட்ச் செய்தபின் (மேற்பரப்பை லேசாக அரிக்க விட்டபின்) கருத்து நிற்பது டெம்பர் ஆன மார்ட்டென்சைட் என்றும், வெளுத்து நிற்பது டெம்பர் ஆகாதது என்றும் தயங்காமல் காட்டுவார்கள். அதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். 'அட்' வருமா, 'டு' வருமா, 'இன்' வருமா என்று பயம். பயத்தில் பழைய ரிப்போர்ட்டைத் திறந்து ஒரு வரியைக் காப்பி எடுத்து ஒட்டுவார்கள். பெரும்பாலும் ஒட்டுகிற வரி இது: 'ஹார்டன்டு அண்ட் டெம்பர்டு ஆஸ் பெர் ஸ்டாண்டர்டு.' எந்த ஸ்டாண்டர்டு, எத்தனை டிகிரி, எதில் குளிர்வித்தது, ஒன்றும் கிடையாது. ஆங்கிலம் சரி, தகவல் பூஜ்யம்.

ஒருநாள் இப்படி ஒரு வரியோடு தம்பி ஒருவர் வந்தார். ஜாப் ஈஎன் 19 ஷாஃப்ட். அதை ஹீட் ட்ரீட்மென்ட் செய்த பட்டறையின் ஃபர்னஸ் ஆபரேட்டர், வயதில் மூத்தவர், சாம்பிளைக் கொடுக்க வந்தவர், அங்கேயே நின்றுகொண்டிருந்தார். "அண்ணா, இந்த லாட்டை என்ன பண்ணினீங்க?" என்று கேட்டேன்.

"எண்ணூத்தி அறுபதுல இருந்து எண்ணெயில போட்டமுங்க. அப்புறம் அஞ்சூத்தி எம்பதுல ரெண்டு மணி நேரம் வெச்சு, வெளிய எடுத்துக் காத்துல ஆற விட்டுட்டோம். முப்பதுல இருந்து முப்பத்தி நாலுக்குள்ள நிக்குதுங்க."

தம்பியிடம் சொன்னேன், இதை அப்படியே எழுதுங்கள் என்று. அவர் சொன்னதில் எல்லாமே இருக்கிறது. எங்கிருந்து குவென்ச் ஆனது, எதில் ஆனது, எந்த வெப்பத்தில் டெம்பர் ஆனது, எவ்வளவு நேரம், எப்படி ஆறியது, எந்த ஹார்ட்னஸுக்கு வந்தது. 'அறுபதுல இருந்து' என்பது 'குவென்ச்டு ஃப்ரம் 860'. 'எண்ணெயில' என்பது 'இன் ஆயில்'. 'எம்பதுல' என்பது 'டெம்பர்டு அட் 580'. 'ரெண்டு மணி நேரம்' என்பது 'ஃபார் டூ அவர்ஸ்'. 'காத்துல' என்பது 'கூல்டு இன் ஏர்'. கடைசியில் எட்டிய ஹார்ட்னஸுக்கு 'டு' வரும்: 'டெம்பர்டு டு 30–34 ஹெச்ஆர்சி' (ஹெச்ஆர்சி என்பது ராக்வெல் சி என்ற ஹார்ட்னஸ் அளவுகோல்). தமிழில் வேற்றுமை உருபு எந்த வேலையைச் செய்கிறதோ அதைத்தான் ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் செய்கிறது. தமிழில் ஒருவர் தவறாமல் சொல்கிறார் என்றால் அவருக்கு விஷயம் முழுதும் தெரியும். மீதி இருப்பது எந்த உருபுக்கு எந்தச் சொல் என்று பழகுவது மட்டும்தான், ஒரு வாரத்தில் வந்துவிடும்.

'டெம்பர்டு டு 580 டிகிரி' என்று எழுதினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். 'டு' என்றதும் அது சென்று சேரும் இடம் என்று ஆகிறது. 580-ஐத் தொட்டதும் வெளியே எடுத்துவிட்டார்களா, வைத்திருந்தார்களா என்ற கேள்வி அதில் தொங்குகிறது. 'குவென்ச்டு அட் 860' என்பதும் பேச்சில் சகஜம், எல்லோருக்கும் புரியும், ஆனால் எண்ணெய் தொட்டி 860-ல் இருக்காது என்பதால் 'ஃப்ரம்' எழுதுவதே நல்லது. குவென்ச் என்பது ஒரு வெப்பத்திலிருந்து கீழே விழும் பயணம். டெம்பரிங் ஒரு வெப்பத்தில் தங்கியிருப்பது. இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்த இடத்தில் எந்தச் சொல் என்று இலக்கணப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை.

ஆபரேட்டர் அண்ணன் சொன்னதில் 'காத்துல ஆற விட்டுட்டோம்' என்ற பகுதி இருக்கிறதே, ரிப்போர்ட்டுகளில் முதலில் காணாமல் போவது அதுதான். டெம்பர் ஆன பிறகு எப்படி ஆறினால் என்ன, வேலைதான் முடிந்துவிட்டதே என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சில கலப்பு ஸ்டீல்களை ஏறக்குறைய 375 முதல் 575 டிகிரிக்குள் நெடுநேரம் வைத்தாலோ, அந்த இடைவெளி வழியாக மெதுவாக ஆற விட்டாலோ, பாஸ்பரஸ், டின், ஆன்டிமனி போன்ற அசுத்தங்கள் பழைய ஆஸ்டனைட் மணிகளின் (கிரெயின், உலோகத்துக்குள் இருக்கும் நுண்படிகங்கள்) எல்லைகளில் போய்ச் சேர்ந்துவிடும். ஹார்ட்னஸ் பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் அடி விழுந்தால் மணி எல்லைகள் வழியாகவே பிளந்துகொள்ளும். இதற்கு டெம்பர் எம்பிரிட்டில்மென்ட் என்று பெயர்.

1969-ல் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ஹிங்க்லி பாயின்ட் அணுமின் நிலையத்தில் ஒரு டர்பைன் ரோட்டர் சுழன்றுகொண்டிருக்கும்போதே வெடித்துச் சிதறியது. குரோமியம்-மாலிப்டினம் ஸ்டீலில் செய்த டிஸ்க். டிஸ்க்கை அச்சோடு பூட்டும் கட்டைக்கான பள்ளத்தில் (கீவே) அரிப்பினால் உண்டான மிகச் சிறிய விரிசல் ஒன்று இருந்தது. நல்ல ஸ்டீலாக இருந்திருந்தால் அந்த அளவு விரிசலைத் தாங்கியிருக்கும். ஆனால் அந்த ஸ்டீலில் டெம்பர் எம்பிரிட்டில்மென்ட் இருந்தது, தாங்கவில்லை. பெரிய ஃபோர்ஜிங்குகள் உட்புறம் ஆறுவதற்கு வெகு நேரம் பிடிக்கும், அதனால்தான் அங்கே இந்த ஆபத்து அதிகம். இந்த விபத்தைப் படித்த பிறகு 'டெம்பர்டு அட் 600' என்று மட்டும் எழுதி முற்றுப்புள்ளி வைத்த ஒரு வரியையும் என்னால் அப்படியே விட முடிவதில்லை. 'கூல்டு இன் ஏர்' என்றோ 'ஆயில்' என்றோ 'ஃபர்னஸ் கூல்டு' என்றோ இரண்டு சொல் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொரு பெயரும் உண்டு, டெம்பர்டு மார்ட்டென்சைட் எம்பிரிட்டில்மென்ட். கேட்டால் இரண்டும் ஒன்று மாதிரியே இருக்கும். இது வருவது 250-லிருந்து 400 டிகிரி வரையான டெம்பரிங்கில். குவென்ச்சில் மாறாமல் மிச்சமிருந்த ஆஸ்டனைட் சிதைந்து மெல்லிய கார்பைடு படலங்களாக ஆவதோடு சம்பந்தப்பட்டது. முன்னது மீளக்கூடியது. அந்த வெப்ப எல்லைக்கு மேலே காய்ச்சி வேகமாக ஆற்றினால் போய்விடும். பின்னது அப்படி மீளாது. அந்த வெப்பத்தையே தவிர்ப்பதுதான் வழி. ஃபெயிலியர் ரிப்போர்ட்டில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எழுதினால், பட்டறைக்காரர் தப்பான மருந்தைச் சாப்பிடுவார். ஒருவரிடம் வேகமாக ஆற்றுங்கள் என்று சொல்ல வேண்டும், இன்னொருவரிடம் டெம்பர் வெப்பத்தையே மாற்றுங்கள் என்று சொல்ல வேண்டும்.

அனீல் என்ற சொல்லிலும் இதே போல ஒரு பொறி உண்டு. அனீலிங் என்றாலே ஃபர்னஸுக்குள்ளேயே மெதுவாக ஆற விடுவது என்று பாடத்தில் படித்திருப்போம். சாதாரண கார்பன் ஸ்டீலுக்கு அது சரி. 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குச் சொல்யூஷன் அனீலிங் என்றால், 1050 டிகிரி அளவில் வைத்துப் பிறகு தண்ணீரில் போட்டு வேகமாகக் குளிர்விப்பது. மெதுவாக ஆற விட்டால் மணி எல்லைகளில் குரோமியம் கார்பைடு படிந்து, அங்கே அரிப்பைத் தடுக்கும் குரோமியம் குறைந்துபோகும். அதனால் ஸ்டெயின்லெஸ் ரிப்போர்ட்டில் வெறும் 'அனீல்டு' போதாது. 'சொல்யூஷன் அனீல்டு அண்ட் வாட்டர் குவென்ச்டு' என்று முழுதாக வர வேண்டும். அனீல், குவென்ச் இரண்டும் எதிரெதிர்ச் சொற்கள் என்று பழகிவிட்டவருக்கு முதலில் இது முரணாகத் தெரியும். செய்து பார்த்தவருக்கு முரண் ஏதும் இல்லை.

நம் நாட்டு மண்ணிலேயே பிறந்த ஒரு சொல்லையும் சொல்ல வேண்டும், சீசன் கிராக்கிங். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் பித்தளைத் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தது. மழை விட்டபின் எடுத்துப் பார்த்தால் உறைகள் விரிசல் விட்டிருந்தன. பருவத்தில் வருவதால் 'சீசன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1921-ல்தான் காரணம் வெளிவந்தது. லாயத்தில் குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாவும், உறையைக் குளிர்நிலையில் இழுத்துச் செய்தபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட இழுவிசையும் சேர்ந்து செய்த வேலை. குறைந்த சூட்டில் அனீல் செய்து அந்த இழுவிசையை எடுத்துவிட்டால் விரிசல் வராது. இன்றைக்கு அந்தச் சொல்லை ரிப்போர்ட்டில் எழுத நான் விடுவதில்லை. பெயரைப் படித்தால் மழையும் மாதமும்தான் தெரிகிறது, அம்மோனியா தெரிவதில்லை. ஸ்ட்ரெஸ் கரோஷன் கிராக்கிங் என்று எழுதினால் பெயரிலேயே இரண்டு காரணங்களும் வந்துவிடுகின்றன.

சொல்லில் பிசகே இல்லாமல் வாக்கியத்தில் மட்டும் பிசகு வரும் இடம் கிரெயின் சைஸ். ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தர அமைப்பின் முறையில் கிரெயின் சைஸ் நம்பர் ஏற ஏற மணி சிறியதாகும். நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒரு சதுர அங்குலத்தில், நம்பர் 5 என்றால் 16 மணிகள், நம்பர் 8 என்றால் 128 மணிகள். நம்பர் 5-ன் சராசரி மணி 0.06 மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும், நம்பர் 8-ன் மணி 0.02 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். இப்போது 'மினிமம் கிரெயின் சைஸ் 5' என்று ஒருவர் எழுதினால் என்ன எடுத்துக்கொள்வது? நம்பர் குறைந்தது 5 இருக்க வேண்டுமா, அல்லது மணியின் அளவு 5-ஐவிடச் சிறியதாகப் போகக் கூடாதா? இரண்டும் நேர் எதிர். வாங்குபவர் ஒன்றை நினைத்து எழுதி, விற்பவர் மற்றதை நினைத்துப் படித்து, இரண்டு பேரும் தங்கள் ஆங்கிலம் சரி என்று சண்டை போடும் கடிதங்களைப் பார்த்திருக்கிறேன். 'ஏஎஸ்டிஎம் நம்பர் 5 ஆர் ஃபைனர்' என்று எழுதினால் சண்டைக்கு இடமே இல்லை. ஃபைனர், கோர்ஸர் என்ற சொற்கள் மணியைப் பற்றிப் பேசுகின்றன. மினிமம், மேக்ஸிமம் எண்ணைப் பற்றிப் பேசுகின்றன. மணியைப் பற்றிப் பேசுவதுதான் பாதுகாப்பு.

கார்பரைஸிங் செய்த, அதாவது மேற்பரப்பில் கார்பன் ஏற்றிக் கடினமாக்கிய, கியருக்கு 'கேஸ் டெப்த் (அந்த மேலடுக்கின் ஆழம்) 0.9 மில்லிமீட்டர்' என்று எழுதுவதும் பாதி வாக்கியம்தான். டோட்டல் கேஸ் டெப்த்தா, எஃபெக்டிவ் கேஸ் டெப்த்தா? எஃபெக்டிவ் என்றால் ஹார்ட்னஸ் 550 ஹெச்வி (விக்கர்ஸ் அளவுகோல்) வரை இறங்கும் இடம் வரையிலான ஆழம். டோட்டல் அதைவிட ஆழமாகப் போகும். ஒரே கியருக்கு இரண்டு எண்கள், இரண்டுமே உண்மை. இதை நீட்ட விரும்பவில்லை, சொல்லை முழுதாக எழுதினால் தீர்ந்தது.

ஆங்கிலம் சரளமாக வருகிறவர்கள் எழுதிய ரிப்போர்ட்டுகளில்தான் நான் அதிகம் திருத்த வேண்டியிருக்கிறது என்பதையும் மனசாரச் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு வாக்கியம் தடையில்லாமல் ஓடிவிடுகிறது, ஓட்டத்தில் குவென்ச்சும் டெம்பரும் இடம் மாறினாலும் காது உறுத்துவதில்லை. ஹார்ட்னஸ், ஸ்ட்ரெங்த், டஃப்னஸ் மூன்றையும் 'உறுதி' என்ற ஒரே பொருளில் மாற்றி மாற்றிப் போடுவார்கள், படிக்க அழகாக இருக்கும். ஹார்ட்னஸ் பள்ளம் விழாமல் எதிர்ப்பது, டஃப்னஸ் பிளவு ஓடாமல் தாங்குவது. ஒன்று ஏறும்போது மற்றது இறங்குவதுதான் நம் தொழிலின் நிரந்தரத் தலைவலி. அதைத் தெரிந்த பையனுக்கு ஆங்கிலத்தில் தடுமாற்றம் இருந்தாலும் சொல் இடம் மாறாது. 'ஹார்ட்னஸ்' என்று எழுதும்போது அவன் கண்ணில் வைரக்கூம்பு பதித்த குழி நிற்கிறது.

அதனால் எங்கள் சோதனைக்கூடத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் ஆங்கிலப் புத்தகம் கொடுப்பதில்லை. நடந்ததைத் தமிழில் வாயால் சொல்லச் சொல்கிறேன். எங்கிருந்து, எதில், எந்த வெப்பத்தில், எவ்வளவு நேரம், எப்படி ஆறியது, எங்கே வந்து நின்றது. ஏதாவது ஒன்று விட்டுப்போனால் வாக்கியம் எழுதும் முன்பே தெரிந்துவிடும். பட்டறைக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். நேரத்தைப் பற்றி மட்டும் இரண்டு முறை கேட்கச் சொல்வேன். ஃபர்னஸ் மீட்டர் 580 காட்டியதிலிருந்து இரண்டு மணி நேரமா, ஜாப்பின் நடுப்பகுதி அந்த வெப்பத்துக்கு வந்ததிலிருந்தா? மெல்லிய பின் என்றால் பெரிய வித்தியாசம் வராது. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஷாஃப்ட் என்றால் வெளியே சூடேறி உள்ளே வெகு நேரம் பின்தங்கும். 'டூ அவர்ஸ் இன் தி ஃபர்னஸ்' என்பதும் 'ஹெல்டு அட் டெம்பரேச்சர் ஃபார் டூ அவர்ஸ்' என்பதும் ஒன்றல்ல. இரண்டில் எது நடந்ததோ அதை எழுதினால் போதும், நடக்காததை அழகுக்காக எழுத வேண்டாம்.

இந்த விவரமெல்லாம் யாருக்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்டும் ஆள், அடுத்த பட்டறைக்காரர். அந்த ஈஎன் 19 ஷாஃப்ட் எங்களிடமிருந்து கிளம்பி நைட்ரைடிங்குக்குப் போனது. நைட்ரைடிங் என்பது மேற்பரப்பில் நைட்ரஜனை ஏற்றிக் கடினமாக்குவது, 500 டிகிரியைத் தாண்டி, பல மணி நேரம் நடக்கும் வேலை. முன்பு டெம்பர் செய்த வெப்பத்துக்குக் கீழேயே, ஒரு 30 டிகிரியாவது இடைவெளி விட்டு, ஃபர்னஸை வைக்க வேண்டும். இல்லையென்றால் நடுப்பகுதி மறுபடி டெம்பர் ஆகி ஹார்ட்னஸ் இறங்கிவிடும், ஜாப் வளையவும் கூடும். வேலை முடிந்து உள்ளே தங்கிய இழுவிசையைப் போக்கப் பின்னால் செய்யும் ஸ்ட்ரெஸ் ரிலீவிங்குக்கும் இதே கணக்கு. ஷாஃப்ட்டின் கூட வந்த சர்டிஃபிகேட்டில் 'ஆஸ் பெர் ஸ்டாண்டர்டு' என்று மட்டும் இருந்திருந்தால் அவர் யாரிடம் போய்க் கேட்பார்? தம்பி எழுதிய வரியில் 'டெம்பர்டு அட் 580 டிகிரி செல்சியஸ் ஃபார் டூ அவர்ஸ், கூல்டு இன் ஏர்' என்று இருந்தது. அவர் போன் செய்யவே இல்லை. 520-ல் வைத்து நைட்ரைடிங் முடித்து அனுப்பிவிட்டார், கோர் ஹார்ட்னஸ் அதே 30–34-க்குள்ளேயே நின்றது.